பதினாறாவது சீட்டு

எர்ணாவூர் உப்பளத்தில் சாராயம் விற்கும் துரை, திருமலையைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து ஓடப் பார்த்தான். பூமாரி சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினாள்.

"எங்க நைனா ஓடற? இவரு போலீஸ் இல்ல, துப்பறியறவரு. உன்னப் புடிச்சிக் குடுத்தா இவருக்கு ஒரு டீ கூட கெடைக்காது."

துரை நின்றான். திருமலை சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். கோட்டு போட்டுக்கொண்டு, சர்ச் படிக்கட்டில் நின்று, யாரோ சிரிக்கச் சொன்னதற்காகச் சிரிக்கும் ஒரு மாப்பிள்ளை. துரை வெகுநேரம் பார்த்தான். இந்த முகத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றான். தன்னிடம் வருகிறவர்களை வேட்டி நுனியை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவேன் என்றும், வாடிக்கையாளர் செத்தால் மாலையோடு போகிற வழக்கம் தனக்கு உண்டு என்றும் கொஞ்சம் ரோஷத்தோடேயே சொன்னான்.

அவன் பதினோராவது ஆள். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரைக்கும் மதுவிலக்குப் போலீசுக்குத் தெரியாமல் சாராயம் விற்கிற பதினோரு பேரையும் திருமலை பார்த்துவிட்டார். போட்டோவில் இருக்கும் அருள்நாதனுக்கு ஊற்றிக் கொடுத்தவன் ஒருத்தன் கூட இல்லை.

"விக்கிறவன் பொய் சொல்லுவான் சார்," என்றாள் பூமாரி, உப்பு மண்ணில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "ஆனா பதினோரு பேரும் ஒரே பொய்யச் சொல்லணும்னா, அதுக்கு ஒரு சங்கம் வேணும். இவனுங்க ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முயிக்க மாட்டானுங்க."

திருமலை அவள் பின்னாலேயே நடந்தார். இருபது வருஷம் ரயில்வேயில் காணாமல் போன சரக்குகளைத் தேடியவர். மூட்டை எந்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை என்றால் அது ஏற்றப்படவே இல்லை என்று அர்த்தம். அந்த நினைப்பு மூன்று நாளாக அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் எல்சி.

எல்சி ராயபுரத்தில் ஒரு சர்ச் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒன்பது நாள் முன்பு, பிப்ரவரி முதல் வாரம், கல்மண்டபத்தில் சைக்கிள் கடை மாடியில் இருக்கும் திருமலையின் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தன் கணவன் அருள்நாதன் போன மாதம் பதினாறாம் தேதி காலையில் துறைமுக ரயில் யார்டில் ஷண்டிங் வண்டி அடித்து இறந்துபோனதையும், குடிபோதையில் தள்ளாடித் தண்டவாளம் தாண்டியதாகப் போலீஸ் எழுதியிருப்பதையும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

அருள்நாதன் ஆறு வருஷமாகத் திருவொற்றியூரில் தெர்மாமீட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்புகிற வேலை. போன வருஷம் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைக் கீழே போட்டான். பேச்சு குழறியது. ஒன்றுமில்லாததற்குக் கத்திவிட்டு, பிறகு மூலையில் உட்கார்ந்து அழுதான். பல் விளக்கினால் ரத்தம் துப்பினான். நவம்பரில், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று கம்பெனி அவனை நிறுத்தியது. சொட்டு கூடத் தொட்டதில்லை என்று சிலுவை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அந்தக் கையும் நடுங்கியது. கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் முன்பு, இனிமேல் வீட்டுக்கு வராதீர்கள் என்று எல்சி சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் காசிமேட்டுக் கரையில் படகுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தானாம். மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

"அவருக்கு ஊத்திக் குடுத்தவன் பேரு வேணும் சார்," என்றாள் எல்சி. "போலீசுக்குக் குடுக்கறதுக்கு இல்ல. நான் அவன் முன்னால போய் நிக்கணும்."

அந்தப் பேர் கிடைத்தால்தான் அவளால் ராத்திரி தூங்க முடியும் என்று திருமலைக்குத் தெரிந்தது. அதனால்தான் ஒத்துக்கொண்டார். இப்போது அந்தப் பேரே இல்லை என்று ஆகிக்கொண்டிருந்தது.

திரும்புகிற வழியில் தெர்மாமீட்டர் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பூமாரி பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வந்தாள். கடலையை வாயில் போட்டுக்கொண்டே பொட்டலத்துக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பது அவள் வழக்கம். வியாசர்பாடியில் தான் படிக்கக் கற்றுக்கொண்டதே பொட்டலத்தில்தான், புத்தகம் வாங்க வசதியில்லை, பசிக்குக் கடலை வாங்கினால் பாடம் இலவசம் என்பாள். அதன் பிறகு காலேஜில் புள்ளியியல் படித்தாள். அரசாங்க வேலை கிடைக்கவில்லை. திருமலையிடம் டைப் அடிக்க வந்தவள், மூன்று வருஷத்தில் டைப் மட்டும்தான் அடிப்பதில்லை.

அன்றைக்கு அவள் கடலையை மெல்வதை நிறுத்தினாள்.

"சார், இத்தப் பாருங்க."

அது கம்பெனி எடைக்குப் போட்ட பழைய கேட் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம். பெயரும் ஷெட் நம்பரும் குமாஸ்தா எழுதியது. வந்த நேரத்தை மட்டும் தொழிலாளியே எழுத வேண்டும். 7.35, 7.42, 7.50 என்று ஒரு பக்கம் முழுக்க நேரங்கள். சிலது தெளிவாக இருந்தது. சிலது ஓடுகிற பஸ்சில் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது.

"பஸ்ல எயுதினதுல்லாம் ரெண்டாம் நம்பர் ஷெட்டு," என்றாள் பூமாரி.

டீக்கடைக்காரரைக் கேட்டார்கள். ஒன்றாம் நம்பர், பேக்கிங் ஷெட். இரண்டாம் நம்பர், பாதரசம் நிரப்புகிற ரசம் ஷெட். அருள்நாதன் இரண்டாம் நம்பர்.

பெட்டிக்கடையில் மிச்சமிருந்த ரிஜிஸ்டர் முழுவதையும் பூமாரி கேட்டு வாங்கினாள். கடைக்காரர், இவ்வளவு கடலையை யார் தின்பது என்று கேட்டதற்கு, எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி வீட்டு விருந்து என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் அறைக்கு வந்ததும் திருமலை அவள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினார். ஷெட் நம்பரைப் பார்த்துவிட்டு எழுத்தைப் பார்த்தால், நடுங்காத எழுத்தும் நடுங்குவதாகத்தான் தெரியும். நமக்குத் தோன்றியதெல்லாம் சாட்சி ஆகாது. அதுவுமில்லாமல் நடுக்கத்தை எதை வைத்து அளப்பது? அதற்கு ஸ்கேல் உண்டா?

"அளக்கவே வேணாம் சார்," என்றாள் பூமாரி. "ஸ்கூல்ல டிரில் மாஸ்டரு பசங்கள ஒயரத்துக்கு ஏத்தாப்புல நிக்க வைப்பாரே, டேப் வச்சா அளந்தாரு? யாரு ஒசரம், யாரு குள்ளம்னு வரிசை தெரிஞ்சா போதும். அந்த வரிசைய வச்சே ரெண்டு கூட்டத்துக்கும் நெஜமா வித்தியாசம் கீதா, இல்ல சும்மா அப்புடி அமைஞ்சிபோச்சான்னு கணக்கு சொல்லிடும்."

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாளை எடுத்தார்கள். அன்றைக்கு இரண்டு ஷெட்டிலும் எட்டெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரே நாள், ஒரே மேஜை, கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரே பேனா. பதினாறு நேரங்களையும் தனித்தனியாக வெட்டி அட்டையில் ஒட்டி, பின்பக்கம் ஷெட் நம்பரைப் பென்சிலால் சின்னதாகக் குறித்தாள் பூமாரி. அருள்நாதனுடைய சீட்டும் அதில் இருந்தது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டாள். நமக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவது திருட்டு, எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர் என்றார் திருமலை.

வரிசைப்படுத்த, விஷயம் தெரியாத ஒரு ஆள் வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய ஆள்.

"எல்சி டீச்சர்," என்றாள் பூமாரி.

திருமலை தயங்கினார். புருஷன் எழுத்து பெண்டாட்டிக்குத் தெரியாதா? பெயர் இல்லை, எழுத்தே இல்லை, வெறும் மூன்று எண்கள்தானே, அதில் யாருக்கு என்ன தெரியும் என்றாள் பூமாரி. அவருக்கும் அது சரியென்றுதான் பட்டது. பிற்பாடு இரண்டு பேருமே அதை நினைத்து வருத்தப்பட்டார்கள்.

மறுநாள் பள்ளி மணி அடித்த பிறகு, காலியான வகுப்பில் எல்சி அந்தப் பதினாறு சீட்டுகளையும் மேஜையில் பரப்பினாள். எதற்கு என்று கேட்கவில்லை. கை ஒழுங்காக ஓடியதிலிருந்து ஆரம்பித்து, மோசமானது கடைசியில் வருகிற மாதிரி அடுக்கச் சொன்னார் திருமலை. பரீட்சைத் தாள் திருத்துகிறவளின் வேகத்தில் அவள் அடுக்கினாள். இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தாள், மாற்றி வைத்தாள். ஒரே ஒரு சீட்டை மட்டும் கையில் எடுத்ததும் கொஞ்சம் நின்றாள். அதை எதனோடும் ஒப்பிடவில்லை. நேராகக் கடைசியில் வைத்தாள்.

"அவன் பேரு கெடைச்சுதா சார்?" என்று கேட்டாள்.

இரண்டு நாளில் வந்து சொல்வதாகத் திருமலை சொன்னார்.

அறைக்கு வந்து பூமாரி சீட்டுகளை அதே வரிசையில் திருப்பிப் போட்டாள். முதல் ஆறும் பேக்கிங் ஷெட். ஏழாவது ரசம் ஷெட், எட்டாவது பேக்கிங், ஒன்பதாவது ரசம், பத்தாவது பேக்கிங். பதினொன்றிலிருந்து பதினாறு வரை வரிசையாக ரசம் ஷெட்.

திருமலைக்குப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. ஆனாலும் கணக்கைச் சொல்லச் சொன்னார்.

"ரசம் ஷெட்டுல ஒரு சீட்டு, பேக்கிங் ஷெட்டுல ஒரு சீட்டுன்னு ஜோடி போடுங்க. எட்டெட்டு அறுபத்திநாலு ஜோடி. ஷெட்டால ஒரு வித்தியாசமும் இல்லன்னா, பாதி ஜோடில ரசம் ஷெட்டு ஆளு நல்லா எயுதியிருக்கணும். முப்பத்திரண்டு. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். இங்க எத்தினி தெரியுமா? மூணு." அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "பதினாறு சீட்ட கண்ண மூடிக்கினு கலச்சிப் போட்டா, ரெண்டு ஷெட்டும் பன்னெண்டாயிரத்தி எண்ணூத்தி எழுபது விதமா அமையலாம். அதுல மூணோ, அதுக்கும் கொறச்சலோ வர்றது ஏயே ஏயு விதம். சும்மா அமையல சார் இது."

குடிகாரர்களாகப் பார்த்து ஒரே ஷெட்டில் போட்டிருக்கலாம் அல்லவா என்றார் திருமலை. அதற்கும் ஒரு நாள் செலவழித்தார்கள். ரசம் ஷெட்டு எட்டுப் பேரில் ஒருவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். ஒருவர் பெந்தெகொஸ்தே சபை ஊழியர், காப்பி கூடக் குடிக்கமாட்டார். அவர்கள் எழுத்தும் பஸ்சில்தான் போய்க்கொண்டிருந்தது.

கணக்கு அதுவரைதான் வரும். ஷெட்டுக்கு ஷெட் வித்தியாசம் உண்டு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதைப் புளியந்தோப்பில் ஒரு வயதான டாக்டர் சொன்னார். திருமலை அடையாளங்களைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, வேலை பாதரசத்திலா என்று கேட்டார். அதன் ஆவி மூச்சில் போய்ப் போய் உடம்பில் தங்கும். கை நடுங்கும், நடை தள்ளாடும், ஈறு ரத்தம் விடும், நாக்கு குழறும், நல்ல மனிதன் எரிந்து விழுவான், பிறகு வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வான். பார்க்கிறவர்கள் எல்லாரும் குடி என்றுதான் சொல்வார்கள் என்றார்.

வெளியே வந்ததும் பூமாரி தெருமுனையில் நின்றாள்.

"டீச்சர் கிட்ட, ஆளு கெடைக்கலன்னு சொல்லிடலாமா சார்? அவங்களுக்கு ஒரு கெட்டவன் வேணும். நம்ம கைல கீறது அவங்களையே குத்தும்."

சொல்லாமல் விட்டால் அந்த மனிதன் குடிகாரனாகவே கல்லறையில் கிடப்பான் என்றார் திருமலை.

எல்சியின் வீடு சர்ச்சுக்குப் பின்சந்தில் ஓர் அறையும் சமையலறையும். திருமலை சுற்றி வளைக்கவில்லை. அருள்நாதனுக்கு யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை, அவன் குடிக்கவே இல்லை, ஷெட்டில் மூச்சில் ஏறிய பாதரசம்தான் அத்தனையும் செய்தது என்று சொன்னார். சீட்டு வரிசையையும் அறுபத்திநாலு ஜோடியையும் பூமாரி மெதுவாக விளக்கினாள்.  முடிக்கிற வரைக்கும் எல்சி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கணக்கு தப்பு," என்றாள்.

எங்கே தப்பு என்று பூமாரி கேட்டாள்.

"கடைசிச் சீட்டு அவரோடது. எனக்குப் பார்த்ததுமே தெரியும். முன்னால கப்பல் சரக்கு எண்ற வேலை பார்த்தப்போ வெளிநாட்டுக்காரன் கிட்ட கத்துக்கிட்டார், ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு போடுவார். நான் எழுத்தைப் பார்க்கல. கோவத்துல கொண்டு போய்க் கடைசியில வச்சேன்."

 வரிசை போட்டவளுக்கு ஆள் தெரிந்திருந்தால் அந்தச் சாட்சி கெட்டது. பூமாரி பையிலிருந்து சீட்டுகளை எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கி, பதினாறாவதைத் தனியே எடுத்து வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"அவர எடுத்துட்டா ரசம் ஷெட்டு ஏயு பேரு. ஏயெட்டு அம்பத்தாறு ஜோடி. இப்பவும் மூணுதான். ஆறாயிரத்தி நானூத்தி முப்பத்தஞ்சு விதத்துல ஏயு." அவள் நிமிர்ந்தாள். "நிக்குது டீச்சர். அவரு இல்லாமயே நிக்குது."

எல்சி தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டி அந்தச் சீட்டைக் கேட்டாள்.

இந்தத் தடவை பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் சீட்டின் பக்கத்தில் வைத்தாள், இரண்டாவதின் பக்கத்தில் வைத்தாள், அப்படியே நகர்த்திக்கொண்டு வந்து, ஆறு பேக்கிங் சீட்டுகளுக்கு அடுத்ததாக வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். ரசம் ஷெட்டு எட்டுப் பேரிலும் அதுதான் நேரான எழுத்து.

மூன்று, ஐந்தாகிறது, அப்போதும் நிற்கிறது என்று பூமாரி மெல்லச் சொன்னாள். எல்சி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"பேனா காகிதத்தைத் துளைச்சிருக்கு பாருங்க," என்றாள். "ஒவ்வொரு கோடா, நின்னு நின்னு போட்டிருக்கார். பயந்த பசங்க இப்படித்தான் எழுதுவாங்க. தப்பு வந்தா டீச்சர் அடிப்பாங்கன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு எழுதுவாங்க."

எல்சி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. திருமலை கழற்றிய தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பூமாரி சீட்டுகளை எடுக்காமல் அவற்றைப் பார்த்தபடியே இருந்தாள்.

திரும்பி வந்தபோது எல்சி முகத்தைத் துடைத்திருந்தாள்.

"மீதி ஏழு பேர் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

இரண்டு பேரைக் கம்பெனி நிறுத்திவிட்டது, ஐந்து பேர் இன்னும் அதே ஷெட்டில்தான் என்றார் திருமலை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எல்லாவற்றையும் எழுதப்போவதாகவும், டாக்டர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருப்பதாகவும் சொன்னார். மனு மேலே போய் ஆள் வந்து பார்க்க மாதக் கணக்கில் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை.

"நீங்க எழுதுங்க சார். எனக்கு வீட்டு விலாசம் குடுங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்சி நடந்தாள். பூமாரி கூடப் போனாள். ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில், வேலைக்கு உலை வைக்க வந்தாயா என்று விரட்டினார்கள். ஐந்து வேளை தொழுகிறவரின் மனைவி தாஹிரா, தன் கணவர் கை நடுக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைக்க இரண்டு வருஷமாக அவருக்குத் தானே ஊட்டிவிடுவதாகச் சொன்னாள். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்ததும் எல்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பூமாரி அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி வீடு, திருவொற்றியூரில், ஆசீர்வாதத்துடையது. வரிசையில் பதினைந்தாவது சீட்டு அவனுடையது. வெளியே கவிழ்த்துப் போட்ட மீன்கூடை மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் கைகளை லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டான். உள்ளே அவன் மனைவி தேவப்பிரியம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக அவனோடு பேசுவதில்லை என்றாள். சோற்றுத் தட்டு வெளியே போகும், அவ்வளவுதான்.

எல்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாதரசம் செய்கிற வேலையை எல்லாம் சொன்னாள். தேவப்பிரியம் ஊதுகுழலைக் கீழே வைக்கவில்லை.

"குடிக்காமயா இப்புடி ஆடுது கையி?" என்றாள். "எல்லாப் பொம்பளையும் எங்க ஆளு குடிக்கலன்னுதான் சொல்லுவா. நீ வேற வூட்டுக்காரி. குடிக்கலன்னு உனக்கு எப்புடிக்கா தெரியும்?"

 அடுப்புப் புகையில் எல்சியின் கண் சிவந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் சொன்னார்," என்றாள். "நான் நம்பல."

தேவப்பிரியம் அவளையே பார்த்தாள். கழுத்தில் தாலி இல்லாததை அப்போதுதான் கவனித்தவள் போல, பார்வை கீழே இறங்கியது. ஊதுகுழலை மெல்ல வைத்தாள். தட்டைக் கழுவிப் போட்டாள். பிறகு வாசல் வரை போய், மீன்கூடை மேல் உட்கார்ந்திருந்தவனிடம், "உள்ள வந்து சாப்புடு," என்றாள்.

அவன் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நம்பாமல் இருமுறை திரும்பிப் பார்த்தான். எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அவன் உட்கார்ந்து, சோற்றில் கை வைக்கிற வரைக்கும் எல்சி எழுந்து, அவன் கையைப் பார்க்காதபடி சுவர்ப் பக்கமே திரும்பி நின்றாள்.